போனை ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், தம்பி

வாசகர் கேள்வி:

எனக்கு 20 வயது. சொந்த ஊர் குடியாத்தம். காட்பாடிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், கம்ப்யூட்டர் பிரிவு. லேப்டாப்பும் மொபைலும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. போன வருடம் என் கண் பவர் மைனஸ் 1.5. இப்போது பஸ் போர்டு மங்கலாகத் தெரிகிறதே என்று ஒரு கண்ணாடிக் கடையில் சாயங்காலம் போய் மெஷினில் பார்த்தேன். மைனஸ் 2.75, சிலிண்டர் 0.5 என்றார்கள். அந்தப் பவரிலேயே, நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் கண்ணாடியும் வாங்கிவிட்டேன். அதைப் போட்டுப் படித்தால் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. காலையில் எழுந்ததும் கண்ணாடி இல்லாமலே மேஜையில் இருக்கிற லேப்டாப் நன்றாகத் தெரிகிறது, இரவில்தான் எல்லாம் மோசம். கண் எரிச்சல், அரிப்பு, அடிக்கடி கசக்குகிறேன். நண்பன் சொன்ன ஒரு சொட்டு மருந்தை மெடிக்கலில் வாங்கி விடுகிறேன், சிவப்பு உடனே போய்விடுகிறது. ஒரு ராத்திரி படுத்துக்கொண்டு போன் பார்த்துவிட்டு அணைத்தேன், ஒரு கண் சில நிமிடம் சுத்தமாகத் தெரியவில்லை. பயந்துவிட்டேன். அப்பா நெசவாளர். "போனைத் தூக்கிப் போடு" என்கிறார். அம்மாவோ கண்ணாடி போடப் போட பவர் ஏறும், வகுப்பில் மட்டும் போட்டுக்கொள் என்கிறார். அக்காவின் 6 வயது மகனும் நான் ஊருக்குப் போனால் என் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். என் பார்வை போய்விடுமா டாக்டர்?

கண் மருத்துவர் பதில்:

தம்பி, பார்வை போய்விடாது. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். திரையைப் பார்த்ததால் மட்டும் யாரும் பார்வை இழப்பதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்த விஷயங்கள் இரண்டு உண்டு. நீங்கள் பயப்படும் விஷயங்கள் அவை இல்லை. ஒன்று அந்தச் சொட்டு மருந்து. இன்னொன்று நீங்கள் கண்ணைக் கசக்குவது. அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த 2.75 என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

கிட்டப்பார்வை என்றால் பெரும்பாலும் கண் உருண்டை முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று பொருள். வளர்ந்தவர்களின் கண் சுமார் 24 மி.மீ. நீளம். அதில் ஒரு மி.மீ. கூடினாலே மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் வந்துவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நீட்சி வேகமாக நடக்கும். கல்லூரி வயதிலும் நடக்கும், ஆனால் மெதுவாக. 20 வயதில் ஒரே வருடத்தில் 1.25 ஏறுவது வழக்கமான வேகம் இல்லை. அப்படி ஏறியிருந்தால் வேறு ஒரு காரணம் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. மைனஸ் 2.75 உள்ள ஒருவருக்குக் கண்ணாடி இல்லாமல் சுமார் 36 செ.மீ. வரைதான் எழுத்து கூர்மையாகத் தெரியும், அதற்கு அப்பால் மங்கும். மைனஸ் 1.5 உள்ளவருக்கு அது 67 செ.மீ. வரை போகும். மேஜையில் இருக்கும் லேப்டாப் பெரும்பாலும் 50, 60 செ.மீ. தூரத்தில் இருக்கும். காலையில் அது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால், உங்கள் உண்மையான பவர் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். (இதை வைத்து நீங்களே பவர் கணக்குப் போட்டு கண்ணாடி மாற்றிவிட வேண்டாம். இது எனக்குச் சந்தேகம் கொடுக்கும் தடயம், அவ்வளவுதான்.)

சாயங்காலம் மட்டும் ஏன் கூடுதலாகக் காட்டியது? கண்ணுக்குள் ஒரு சிறு வளையத் தசை இருக்கிறது. பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் அது இறுகி, லென்ஸைக் குண்டாக்கி, எழுத்தைத் தெளிவாக்குகிறது. தூரத்தில் பார்க்கும்போது தளர்கிறது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால், சாயங்காலம் தலையைத் தூக்கிப் பஸ் போர்டைப் பார்க்கும்போது தசை உடனே தளர மறுக்கிறது. கண் உருண்டை நீளாமலே கிட்டப்பார்வை போலத் தோன்றும். அந்த நேரத்தில் மெஷினுக்குள் பார்த்தால் மெஷினும் அந்த இறுக்கத்தைச் சேர்த்தே எண்ணாகக் காட்டும். மெஷின் கொடுக்கும் எண் ஒரு தொடக்கம்தான். அதை அப்படியே கண்ணாடியாக வெட்டிக் கொடுப்பது சரியில்லை. அப்படிக் கூடுதல் மைனஸ் போட்டால் தூரம் பளிச்சென்று தெரியும், கடையில் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் படிக்க அந்தத் தசை இன்னும் கூடுதலாக இறுக வேண்டும். 50 செ.மீ.யில் உள்ள லேப்டாப்புக்குச் சரியான கண்ணாடியோடு 2 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) உழைப்பு போதும். 1.25 கூடுதலாகக் கொடுத்துவிட்டால் அது 3.25 ஆகிறது. உங்கள் நெற்றிப்பொட்டு வலிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைத் தீர்த்துச் சொல்ல ஒரே வழி, மருத்துவமனையில் அதற்கென்று உள்ள வேறு ஒரு சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திவிட்டு பவர் பார்ப்பது. மருந்து விட்டு முக்கால் மணி நேரம் போலக் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். அப்புறம் பார்த்தால் உண்மை எண் வரும். கண் பாப்பா விரிந்திருக்கும்போதே விழித்திரையின் ஓரம் வரை பார்த்துவிடலாம், மைனஸ் உள்ள எல்லாருக்கும் அது தேவையான பரிசோதனை. அன்று முழுக்க, சில மருந்துகளில் மறுநாளும், பக்கத்து எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் போக வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டும் போக வேண்டாம், பஸ்ஸில் போங்கள், ஒரு நண்பனைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேலூரில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆரணி ரோட்டில் ஷெல் வளாகத்தில் சி.எம்.சி.யின் கண் பிரிவு இருக்கிறது. செலவு கவலை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. காலை நேரத்தில், முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி, பவர் எழுதிய பழைய சீட்டு, அந்தச் சொட்டு மருந்து பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அப்பா சொல்வதற்கு வருவோம். போனைத் தூக்கிப் போட முடியாது என்று எனக்குத் தெரியும். உங்கள் படிப்பே திரையில்தான். நாளைக்கு வேலையும் அதில்தான். ஆகவே இத்தனை மணி நேரத்துக்கு மேல் பார்க்காதே என்று நான் ஒரு எண் சொல்லப் போவதில்லை. நான் கேட்கும் கேள்வி, எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதுதான். 40 செ.மீ.யில் வைத்துப் படித்தால் கண்ணுக்கு 2.5 டயாப்டர் வேலை. 20 செ.மீ.க்கு இழுத்தால் 5 டயாப்டர். தூரம் பாதியானால் உழைப்பு இரண்டு மடங்கு. மேஜையில் இருக்கும் லேப்டாப் அதன் அளவிலேயே கொஞ்சம் தள்ளி நிற்கிறது. போன் அப்படி இல்லை, எழுத்துச் சின்னது, கை மெல்ல மெல்ல மடங்கும், படுத்துக்கொண்டால் மூக்குக்கு மேலேயே வந்துவிடும். ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பது, மேஜையில் புரோகிராம் எழுதுவதை விடக் கண்ணைச் சோர வைக்கலாம். பூக்காரம்மா முழம் போடுவார்களே, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அந்த ஒரு முழம் போதும். அதை விடப் பக்கத்தில் போன் வரக் கூடாது. எழுத்து தெரியவில்லை என்றால் போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், போனை இழுக்காதீர்கள்.

அதோடு இடைவெளி. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்க வேண்டும் என்று ஒரு விதி எல்லாரும் சொல்வது. 20 அடி என்றால் 6 மீட்டர். விதியின் எண்ணைப் பிடித்துக்கொண்டு அலாரம் வைத்து அவதிப்பட வேண்டாம். தசை தளர வேண்டும், அதுதான் நோக்கம். நம் ஊரில் எந்த மாடியில் நின்றாலும் ஒரு மலை தெரிகிறது. ஒரு பாடம் முடிந்ததும் எழுந்து போய் அந்த மலையின் பாறை, மரம் என்று எதையாவது தெளிவாகத் தெரியும் வரை பாருங்கள். இடைவேளை என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போனைத் திறப்பது இடைவேளை ஆகாது. என்னிடம் வரும் பெரும்பாலான மாணவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு கண் இருண்டு போனது பற்றி. ஒருக்களித்துப் படுத்திருந்தீர்களா? ஒரு கண் தலையணையில் மறைந்திருந்ததா? அறையில் விளக்கு அணைந்திருந்ததா? ஆம் என்றால் விளக்கம் எளிது. மறைந்திருந்த கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. போனைப் பார்த்த கண் வெளிச்சத்துக்குப் பழகியிருந்தது. போனை அணைத்ததும் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அறை கும்மிருட்டு, அதனால் அது குருடானது போலத் தோன்றியது. சில நிமிடத்தில் சரியாகிவிடும். 2016-ல் லண்டன் மருத்துவர்கள் இதே போல இரண்டு பெண்களுக்கு நடந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள், அதற்கு முன் மூளை ஸ்கேன் வரை போய்விட்டது. ஆனால் இரண்டு கண்ணும் திறந்து உட்கார்ந்திருக்கும்போது இப்படி வந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் நிறையப் பறந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இழுப்பது போல நிழல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மைனஸ் கண்களில் விழித்திரை கிழியும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகம்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வறட்சி. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 முறை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது 5, 7 என்று குறைந்துவிடுகிறது, அதிலும் பல இமைப்புகள் பாதியிலேயே நின்றுவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடுகிறது. கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் ஹாஸ்டல் ஃபேன் நேராக முகத்துக்கு அடிக்க, ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தால் கண் எரியாமல் என்ன செய்யும்? கட்டிலையோ மேஜையையோ ஃபேன் காற்று நேராக முகத்தில் படாதபடி நகர்த்துங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். மேலே பார்த்தால் இமை அகலமாகத் திறந்திருக்கும், கண் சீக்கிரம் காயும். ஒரு பக்கம் படித்து முடித்ததும் கண்ணை முழுதாக மூடி மூடித் திறங்கள். தூக்கம் குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். ராத்திரிப் போனைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் மேஜையிலேயே சார்ஜில் விட்டுவிட்டால் தூரம், இருட்டு, தூக்கம் என்று மூன்றுக்கும் ஒரே அடியாகத் தீர்வு. நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

இப்போது அந்தச் சொட்டு மருந்து. இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிவப்பை உடனே போக்கும் மருந்துகள் இரண்டு வகை. ஒன்று ரத்தக் குழாயைச் சுருக்குவது, நாஃபசோலின் போன்றது. விட்டால் கண் வெளுக்கும், விடுவதை நிறுத்தினால் முன்பை விடச் சிவக்கும், ஆகவே மறுபடி விடச் சொல்லும். இன்னொன்று ஸ்டீராய்டு. பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், புரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக்கோடு கலந்தும் வரும். அரிப்பும் சிவப்பும் மந்திரம் போட்டது போல அடங்கும், அதனால்தான் நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, கண் நரம்பு அழியத் தொடங்கும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, நேராகப் பார்க்கும் பார்வையும் கடைசி வரை நன்றாகவே இருக்கும். ஓரப் பார்வை மெல்லப் போகும், போனது திரும்பாது. கண்புரையும் சின்ன வயதிலேயே வரலாம். 20 வயதுப் பிள்ளைகள் இப்படிப் பார்வையைத் தொலைப்பதைப் பார்ப்பது போல வேதனை ஒரு கண் மருத்துவருக்கு வேறில்லை. திரை செய்யாத கேட்டை அந்தச் சின்ன பாட்டில் செய்துவிடும். எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. எத்தனை நாள் ஆனாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், கண் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வறட்சிக்கு என்று மருந்து வேண்டுமானால் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% போன்ற செயற்கைக் கண்ணீர் போதும், திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள்.

கசக்குவது. அரிப்பு என்றால் வறட்சியோடு அலர்ஜியும் இருக்கலாம், நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் அது நிறைய. விரல் முட்டியால் அழுத்தி அழுத்திக் கசக்குபவர்களுக்கு, இளவயதில், கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னால் தள்ளும் நோய் வரலாம். கெரட்டோகோனஸ் என்பார்கள். அதன் முதல் அடையாளமே சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததால் வருவது) வருவதும் மாறிக்கொண்டே இருப்பதும்தான். உங்களுக்குச் சிலிண்டர் 0.5 தான், அது சாதாரணமாகவே பலருக்கு உண்டு, உடனே அந்த நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கசக்கும் பழக்கமும் பவர் மாற்றமும் சேர்ந்து இருப்பதால் கருவிழியின் வளைவை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கருவிழியை உறுதியாக்கும் சி3ஆர் என்ற சிகிச்சையால் பெரும்பாலும் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் வையுங்கள். கை கண்ணுக்குப் போகக் கூடாது. கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்ளலாமா என்று பின்னால் யோசிப்பீர்கள், அதற்கும் இந்த ஸ்கேனும், ஒரு வருடமாவது மாறாத பவரும் வேண்டும்.

புளூ கட் கண்ணாடி வாங்கியதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பெரிய பலனும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023-ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அது கண் சோர்வைச் சாதாரணக் கண்ணாடியை விடக் குறைப்பதாகத் தெரியவில்லை. அடுத்த முறை அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. போடாமல் விட்டாலோ குறைத்துப் போட்டாலோ குறையவும் குறையாது. சரியான பவர் என்று உறுதியானதும் வகுப்பு, சாலை, வண்டி என்று எல்லா நேரமும் போடலாம். பரிசோதனை முடியும் வரை பழைய 1.5 கண்ணாடியையே போட்டுக்கொள்ளுங்கள். அது போட்டும் சாலையில் தூரம் மங்கலாகத் தெரிந்தால் அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். கேரட், முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லதுதான், சாப்பிடுங்கள், ஆனால் நீண்ட கண்ணை அவை சுருக்காது. அப்பா தறியில் உட்கார்ந்து நல்ல கண்ணோடு இருந்தார் என்றால், அந்த நூலும் நாடாவும் கை நீட்டும் தூரத்தில் இருந்தன, சின்ன வயதில் அவர் பகலெல்லாம் வெயிலில் ஓடியிருப்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அது கொஞ்சம் இடம் மாறி உங்கள் மேல் விழுகிறது.

நியாயமாக அந்தக் கோபம் அக்கா மகன் கையில் இருக்கும் போன் மேல்தான் விழ வேண்டும். 6 வயதுக் கண் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் கிட்டப்பார்வை தொடங்கினால் கல்லூரி வருவதற்குள் மைனஸ் 6, 7 வரை போக நிறையக் காலம் இருக்கிறது, உயர்ந்த பவரில் விழித்திரைப் பிரச்சினைகள் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். வெளி வெளிச்சம் அதைத் தடுக்க உதவுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4%, மற்றப் பள்ளிகளில் 39.5%. தைவானில் 2010 முதல் தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியில் விடச் சொல்லிப் பள்ளிகளில் திட்டமே நடத்துகிறார்கள். அறைக்குள் வெளிச்சம் 300, 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், வெளியில் பகலில் 10,000-ஐ எளிதில் தாண்டும். உச்சி வெயிலில் நிறுத்த வேண்டாம், காலையும் மாலையும் தெருவில், மரநிழலில் விளையாடினாலே போதும். நீங்கள் ஊருக்குப் போகும்போது போனை அலமாரியில் வைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், உங்கள் கண்ணுக்கும் தூரம் பார்க்கக் கிடைக்கும். பள்ளியில் சேர்ந்த பிறகு அவனுக்கு ஒருமுறையும் கண் பரிசோதனை ஆகவில்லை என்றால், அதையும் இந்த மாதமே பார்த்துவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்கள்.